2012-க்கே திரும்பிப் போகும் டெபியன் பெட்டி: கடிகாரச் செல்லிலிருந்து பூட் வரை

பெட்டி, அதாவது கம்ப்யூட்டர், இருப்பது குளச்சல் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள வள்ள எஞ்சின் உதிரிபாகக் கடை ஒன்றில். எச்61 சிப்செட் மதர்போர்டு, மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 240 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க், டெபியன் 12 (லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம்). வேலை பில் போடுவது மட்டும்தான். இப்போது ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காலையில் போட்டால் எதுவும் கேட்காமல் லாகின் வரை வருகிறது, தேதியும் சரியாக இருக்கிறது. அந்த நிலைக்கு வர என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை வரிசையாகக் குறித்து வைக்கிறேன். கட்டளைகளைப் படிக்க வசதியாக ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

கோளாறு ஒரே முகத்தோடு வரவில்லை. சில காலை கறுப்புத் திரையில் ‘சிமாஸ் டேட்/டைம் நாட் செட்’ (மதர்போர்டில் தேதி, நேரம் வைக்கப்படவில்லை) என்று காட்டி, எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். சில காலை பூட் டிவைஸே (சிஸ்டத்தைத் தொடங்க வேண்டிய டிஸ்க்) இல்லை என்னும். சில காலை டெபியன் பாதி தூரம் வந்து, அடைப்புக்குறிக்குள் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ (டிஸ்க்கைத் திறக்கும் முன் லினக்ஸ் மெமரியில் ஏற்றும் சின்னத் தொடக்க அமைப்பு) என்ற குறியோடு நின்றுவிடும். இதையெல்லாம் தாண்டி வந்தால் பில்லில் தேதி தப்பு. இப்படி நாலு விதமாக வந்தால் யாருக்கும் முதலில் டிஸ்க் மேல்தான் சந்தேகம் போகும். எஸ்எஸ்டியை மாற்று, சிஸ்டத்தைப் புதிதாகப் போடு என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். டிஸ்க்கின் உடல்நிலை காட்டும் ‘ஸ்மார்ட்சிடிஎல் -ஏ’ போட்டுப் பார்த்தால் ரீஅலோகேட்டட் செக்டர் 0, சிஆர்சி எரர் 0. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டும் சுத்தம். டிஸ்க்கையும் ராமையும் அத்தோடு ஒதுக்கியாயிற்று.

துப்பு கிடைத்தது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவில். ‘ஜர்னல்சிடிஎல் -பி -கே’ வெளியீட்டில் ‘ஆர்டிசி’ (மதர்போர்டுக் கடிகாரம்) என்று தேடினால், கர்னல் அந்தக் கடிகாரத்திலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும் வரி கிடைக்கும். அதில் 2012-01-01, 00:00:14 யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) என்று இருந்தது. பக்கத்திலேயே, 1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிக் கணக்கு, 1325376014. மதர்போர்டின் தொடக்க மென்பொருளான பயாஸ், நேரம் தொலைந்தால் வைத்துக்கொள்ளும் தேதியிலிருந்து பதினாலாவது விநாடியில் கர்னல் படித்திருக்கிறது. அதாவது பெட்டிக்குக் கரண்ட் வந்த பிறகுதான் கடிகாரமே ஓட ஆரம்பித்திருக்கிறது. கரண்ட் இல்லாதபோது அதை ஓட்ட வேண்டியது மதர்போர்டில் உள்ள செல்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘/ப்ராக்/டிரைவர்/ஆர்டிசி’ கோப்பைத் திறந்தால் ‘பேட்_ஸ்டேட்டஸ்’ (செல்லின் நிலை) என்று ஒரு வரி, அதற்கு நேரே ‘ஓகே’. செல் நன்றாக இருக்கிறது என்று லினக்ஸே சொல்வதுபோல் தெரியும். ஆனால் இன்டெல் சிப்செட்டுகளில் அந்த வரிக்கு ஆதாரமான பிட் எப்போதும் 1 ஆகவே கட்டப்பட்டிருக்கிறது. செல்லைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தாலும் ‘ஓகே’ என்றே காட்டும். அந்த வரியை நம்பக் கூடாது, மீட்டரைத்தான் நம்ப வேண்டும்.

செல்

பழைய சிஆர்2032 (நாணய வடிவச் செல்) வெளியே எடுத்தபோது 1.9 வோல்ட். புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். சும்மா வோல்டேஜ் பார்ப்பது மட்டும் போதாது. சாகப்போகிற செல்லும் லோடு இல்லாமல் 3 வோல்ட் காட்டும். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைச் செல்லின் இரு முகத்துக்கும் குறுக்கே பிடித்து, ஐந்து விநாடி கழித்து அளந்தால் உண்மை தெரியும். அது ஏறக்குறைய 3 மில்லி ஆம்பியர் இழுக்கும். நல்ல செல் 2.8-க்கு மேல் தாங்கும், செத்த செல் கண்ணெதிரே 2.5-க்குக் கீழே வழுக்கும்.

செல்லைப் பிடிக்கும் ஹோல்டரின் பிளஸ் நாக்கில் (செல்லைத் தொடும் தகடு) பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, நாக்கைச் சற்று உள்ளே வளைத்து, புதிய செல்லைப் போட்டால் கடிகாரம் ஓடியது. பெரும்பாலான பெட்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும். இதில் முடியவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடியும் 2012. கழற்றினால் செல் 2.3 வோல்ட்.

செல் டூப்ளிகேட் என்று சொல்லி இன்னொன்று வாங்குவது சுலபம். ஆனால் சிஆர்2032-இன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. மதர்போர்டுக் கடிகாரம் இழுப்பது சில மைக்ரோ ஆம்பியர்தான். வருஷக் கணக்கில் ஓட வேண்டியது மாதக் கணக்கில் தீர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அளக்காமல் செல்லை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் 50 ரூபாய் செல்களுக்கு முடிவே இருக்காது.

கசிவை அளப்பது

சாதாரண மஞ்சள் மல்டிமீட்டர் போதும். மைக்ரோ ஆம்பியர் ரேஞ்சை நம்பாமல் இப்படிச் செய்தேன்: ஹோல்டரின் பிளஸ் நாக்குக்கும் செல்லின் மேல் முகத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டு. பால் பாக்கெட் கவரை வெட்டினால் போதும், காகிதம் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் வேண்டாம். செல்லின் மேல் முகத்திலிருந்து ஒரு ஒயர், பிளஸ் நாக்கிலிருந்து ஒரு ஒயர், இரண்டுக்கும் நடுவே ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர். மீட்டரை 200 மில்லிவோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனையிலும் பிடித்தால், காட்டும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மைக்ரோ ஆம்பியர். இணைத்த உடனே எண் குதிக்கும், கெப்பாசிட்டர்கள் நிரம்பும்வரை ஒரு நிமிஷம் விட வேண்டும்.

சுவர் பிளக் பிடுங்கிய நிலையில் 186 மில்லிவோல்ட். அதாவது 186 மைக்ரோ ஆம்பியர். 220-ஐ 0.186-ஆல் வகுத்தால் சுமார் 1,180 மணி நேரம், ஏழு வாரம். செல் தீர்ந்த காலத்தோடு ஒத்துப்போகிறது.

கசிவு எந்தப் பக்கம் என்பதற்கும் இதே அமைப்பு பதில் தரும். மதர்போர்டில் செல்லும் ஸ்டாண்ட்பை சப்ளையும் ஆளுக்கொரு டயோடு (கரண்டை ஒரே பக்கம் மட்டும் விடும் உதிரி) வழியாகக் கடிகாரச் சர்க்யூட்டுக்குப் போகின்றன. சுவரில் பிளக் இருந்தால் ஸ்டாண்ட்பை சப்ளைதான் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும், செல்லிலிருந்து கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகிவிட வேண்டும். எனவே பெட்டியை ஆன் செய்யாமல் பிளக்கை மட்டும் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். எண் பூஜ்யத்துக்கு இறங்கினால் கசிவு டயோடுக்கு அப்பால், அதாவது சிப்செட், கெப்பாசிட்டர், பயாஸ் அமைப்பை அழிக்கும் சிமாஸ் கிளியர் ஜம்பர் பக்கம். இறங்காவிட்டால் டயோடுக்கு இப்பால், செல்லை ஒட்டியே. இங்கே 180-ஐ விட்டு இறங்கவே இல்லை. பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹோல்டரைச் சுற்றியே செல் கரைந்துகொண்டிருந்தது.

கடலோரத்தில் இது அதிசயம் இல்லை. முட்டம், மணவாளக்குறிச்சி, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வரிசையில் உப்புக்காற்று எந்த ஜன்னலையும் விடாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் வேறு. போர்டில் படிந்த உப்புத் தூசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கடத்தியாகிவிடும். 3 வோல்ட்டுக்கு 186 மைக்ரோ ஆம்பியர் என்றால் சுமார் 16 கிலோ ஓம். அத்தனை குறைந்த ரெசிஸ்டன்ஸுக்கு ஒரு நனைந்த உப்புப் படலம் போதும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் இதே போர்டு பல வருஷம் கண்டுகொள்ளாமல் ஓடும்.

இன்னொன்று, இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது இங்கே எல்லாக் கடையிலும் உள்ள பழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் தினமும் சாயங்காலம் அதுதான் நடக்கும். நல்ல பழக்கம், அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் பிளக் இல்லாத நேரம் முழுவதும் கடிகாரம் செல்லை மட்டுமே நம்பியிருக்கிறது. அதனால்தான் செத்த செல் மழைக்காலத்தில் பூட் கோளாறாக வெளியே வருகிறது. பிளக்கைப் பிடுங்காத ஊரில் அதே செல் செத்துக் கிடப்பதே தெரியாது.

கழுவுதல்

முதலில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும். ஹோல்டரைச் சுற்றித் தேய்த்து, காயவிட்டு அளந்தால் 140. குறைந்தது, போகவில்லை. காரணம் எளிது: ஆல்கஹால் எண்ணெயையும் ஃபிளக்ஸையும் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் வேண்டும், அதுவும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றினால் புதிய உப்பைப் படியவிட்டதாகும்.

ஹோல்டரின் அடியில் பிரஷ் நுழையாது என்பதால் அதைக் கழற்றியே ஆக வேண்டியிருந்தது. மைனஸ் கால் அகலமான கிரவுண்ட் செம்பில் உட்கார்ந்திருப்பதால் 25 வாட் சால்டரிங் அயர்னுக்கு ஈயம் உருகாது. 60 வாட், கொஞ்சம் புதிய ஈயம் சேர்த்து உருக்கி, பம்ப்பாலும் செம்புப் பின்னலாலும் உறிஞ்சினால் வரும். அவசரப்பட்டு இழுத்தால் துளையின் உள்பூச்சு கையோடு வந்துவிடும். அடியில் பிளஸ் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வெள்ளையும் பச்சையுமாக ஒரு மேலோடு. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி பிரஷ், துடைத்து மறுபடி ஊற்றி பிரஷ், மூன்றாம் தரம், கசடு வருவது நிற்கும்வரை. பிறகு தண்ணீரை விரட்ட ஆல்கஹால். முடி உலர்த்தியைத் தூரத்தில் பிடித்துச் சூடுபடுத்தி, ராத்திரி டேபிள் ஃபேன் முன்னால் வைத்தேன். இந்த ஊர்க் காற்றில் சும்மா வைத்தால் காயாது.

கையோடு 32.768 கிலோ ஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் இரண்டு கால்களையும் அதே மாதிரிக் கழுவிவிடுவது நல்லது. கடிகாரத்துக்குத் துடிப்பு தருவது சிப்செட் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன உருளைதான். அந்தச் சர்க்யூட் மிக நுண்ணிய கரண்டில் ஓடுவதால், கால்களுக்கு நடுவே ஈர உப்பு இருந்தால் கடிகாரம் மெதுவாகும் அல்லது நின்றேவிடும். நின்றிருந்தால், மதர்போர்டுக் கடிகாரத்தைப் படிக்கும் ‘ஹெச்டபிள்யூகிளாக் --ஷோ’ போட்டதும் கடிகாரத் துடிப்புக்காகக் காத்திருந்து நேரம் தாண்டிவிட்டது என்ற பிழை வரும். ‘/சிஸ்/கிளாஸ்/ஆர்டிசி/ஆர்டிசி0/டைம்’ கோப்பை இரண்டு தரம் படித்து விநாடி நகர்கிறதா என்று பார்ப்பது இன்னும் சுலபம். டெபியனில் ‘ஹெச்டபிள்யூகிளாக்’ கிடைக்கவில்லை என்று வந்தால் ‘யுடில்-லினக்ஸ்-எக்ஸ்ட்ரா’ பொதியை நிறுவ வேண்டும்.

புதிய ஹோல்டர், புதிய செல், மறுபடியும் ஒரு கிலோ ஓம். 3.8 மில்லிவோல்ட். கணக்குப்படி ஆறு வருஷத்துக்கு மேல். செல் தானாகவே இழப்பதையும் சேர்த்தால் நாலைந்து வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். கழுவிய பிறகும் 20-க்கு மேல் நின்றிருந்தால் அடுத்து இரட்டை டயோடைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஹோல்டரின் அடியிலும் கிரிஸ்டல் காலிலும் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாத காப்பு) மெல்லியதாக ஒரு பூச்சு; நாக்கில் மட்டும் படக் கூடாது, பட்டால் செல் தொடாது. துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது விடும் எண்ணெய்ப் படலத்தில்தான் அடுத்த தூசி ஒட்டும்.

பயாஸ் டிஃபால்ட் செய்யும் சேதம்

செல் செத்தால் போவது நேரம் மட்டுமல்ல. பயாஸ் அமைப்புகள் எல்லாம் டிஃபால்ட்டுக்குத் திரும்பும். இந்தப் போர்டின் டிஃபால்ட்டில் சாட்டா மோடு (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) ஐடிஇ என்ற பழைய முறை. டெபியன் போட்டபோது ஏஎச்சிஐ என்ற புதிய முறை. பொதுவாக லினக்ஸுக்கு இது பொருட்டே இல்லை. ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் பகுதி) யுயுஐடி என்ற தனி அடையாள எண் வழியாகத் தேடப்படுகிறது, இரண்டு மோடுக்குமான டிரைவரும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்கும். இங்கே இல்லை. டெபியன் இன்ஸ்டாலரில் டிரைவர்களை இந்தப் பெட்டிக்கு மட்டும் அளவாக வைக்கவா என்ற கேள்விக்கு ஆம் சொல்லியிருந்திருக்கிறது. அதனால் ‘/ஈடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/டிரைவர்-பாலிசி’ கோப்பில் ‘மாட்யூல்ஸ்=டெப்’ (தேவையான டிரைவர் மட்டும்). ஐடிஇ மோடுக்குத் தாவிய நாளில் டிரைவர் இல்லை, டிஸ்க் தெரியவில்லை, ரூட் ஃபைல்சிஸ்டத்துக்காகக் காத்துக் காத்துக் கைவிட்டதாக எழுதி இனிட்ராம்எஃப்எஸ் குறியில் நின்றுவிட்டது.

சரிசெய்வது: பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றி பூட் செய்து, அந்தக் கோப்பில் ‘டெப்’ என்பதை ‘மோஸ்ட்’ ஆக்கி, ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்’. பெரிய ‘இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப்’ கோப்பை மட்டும் திருத்திப் பயனில்லை, ‘கான்ஃப்.டி’ அடைவில் உள்ளதுதான் ஜெயிக்கும். பிறகு வேண்டுமென்றே ஐடிஇக்கு மாற்றி ஒரு தரம் பூட் செய்து பார்த்துவிட வேண்டும். இந்தச் சோதனையை விண்டோஸ் டிஸ்க்கில் செய்தால் நீலத் திரை வரும், அங்கே வேண்டாம்.

பூட் டிவைஸே இல்லை என்றது இன்னொரு கதை. டெபியன் யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த புதிய பூட் முறை) முறையில் போடப்பட்டது. பயாஸின் பட்டியலில் ‘டெபியன்’ என்ற பெயர் இருந்தால்தான் கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரல்) வரை போகும். இந்தப் போர்டு டிஃபால்ட்டுக்குப் போகும்போது அந்தப் பெயரையும் தொலைத்துவிடுகிறது. பெயர் இல்லாதபோது ஃபர்ம்வேர் (அதாவது பயாஸ்) தேடுவது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் ‘ஈஎஃப்ஐ’ அடைவுக்குள் ‘பூட்’ அடைவில் ‘பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ’ கோப்பை. டெபியன் தானாக அதை வைப்பதில்லை. ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-ஈஎஃப்ஐ-ஏஎம்டி64’ போட்டால் கேட்கும் கேள்விகளில் ஒன்று, ரிமூவபிள் மீடியா பாதையிலும் கூடுதலாக நிறுவவா என்பது. ஆம் என்றால் போதும். இனிமேல் பெயர் தொலைந்தாலும் பூட் ஆகும்.

பெட்டி பூட் ஆகவே ஆகாத நிலையில் லைவ் யுஎஸ்பியிலிருந்துதான் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென் டிரைவ்) செய்ய வேண்டும். யுஎஸ்பியையும் யுஇஎஃப்ஐ முறையிலேயே பூட் செய்ய வேண்டும்; ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/ஈஎஃப்ஐ’ அடைவு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ரூட்டை ‘/எம்என்டி’-யிலும், ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் ‘பூட்/ஈஎஃப்ஐ’-யிலும் மவுண்ட் செய்து, ‘டெவ்’, ‘ப்ராக்’, ‘சிஸ்’, ‘ரன்’ நான்கையும் பைண்ட் செய்து, ‘சிஎச்ரூட்’ உள்ளே போய் அதே ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர்’ கட்டளை.

எஃப்1 கேட்டு நிற்பதைப் பயாஸிலேயே அணைக்கலாம், பூட் பக்கத்தில் ‘வெயிட் ஃபார் எஃப்1 இஃப் எரர்’ என்றிருக்கும். நான் அணைக்கவில்லை. கீபோர்டு இல்லாத பெட்டியானால் அணைக்கலாம். கடையில் ஆள் இருக்கும் பெட்டியில் அந்தச் செய்திதான் செல் செத்ததற்கு முதல் எச்சரிக்கை.

ஃபைல் செக் ஏன் நிற்கிறது

இனிட்ராம்எஃப்எஸ் குறியில் நின்றதற்கு இரண்டாவது காரணமும் உண்டு, திரையில் உள்ள வாசகம்தான் வேறு. ‘சூப்பர்பிளாக் லாஸ்ட் மவுண்ட் டைம் இஸ் இன் தி ஃபியூச்சர்’, அல்லது மவுண்ட் என்ற இடத்தில் ‘ரைட்’. இஎக்ஸ்டி4 (டெபியன் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) தன்னைக் கடைசியாக மவுண்ட் செய்த, அதாவது திறந்த, நேரத்தையும் எழுதிய நேரத்தையும் சூப்பர்பிளாக் என்ற குறிப்புப் பகுதியில் குறித்து வைக்கிறது. நேற்றைய தேதி அங்கே இருக்க, கடிகாரம் 2012 என்றால் ஃபைல் செக்குக்கு அது எதிர்காலம். வித்தியாசம் ஒரு நாளுக்குள் என்றால் தானே திருத்திக்கொண்டு போய்விடும். அதற்கு மேல் என்றால் கையால் செய் என்று நிறுத்திவிடும். டெபியனில் ரூட்டுக்கான இந்தச் சோதனை இனிட்ராம்எஃப்எஸ்ஸிலேயே, சிஸ்டம்டி (மற்றச் சேவைகளைத் தொடங்கும் நிரல்) தொடங்குவதற்கு முன்பே நடக்கிறது. அதனால் பின்னால் சிஸ்டம்டி நேரத்தைச் சரிசெய்வது இதற்கு உதவாது.

அங்கே நின்றால் உடனே ‘எஃப்எஸ்சிகே -ஒய்’ தட்டுவதுதான் எல்லோரும் செய்வது. கேடில்லை, ஆனால் சூப்பர்பிளாக்கில் 2012-ஐ எழுதிவிட்டுப் போகும். அன்று சாயங்காலம் ஷட்டவுன் ஆகும்போது சரியான தேதி எழுதப்படும். செல் செத்தே இருந்தால் மறுநாள் காலை மறுபடி அதே இடம். பெட்டியை ரீஸ்டார்ட் செய்து பயாஸில் தேதியைத் திருத்திவிட்டு வந்தால் ஃபைல் செக் வாயே திறக்காது.

செல்லே வைக்க முடியாத பெட்டிக்கு வேறு வழி உண்டு: ‘/ஈடிசி/இ2எஃப்எஸ்சிகே.கான்ஃப்’ கோப்பில் சதுர அடைப்புக்குள் ‘ஆப்ஷன்ஸ்’, அடுத்த வரியில் ‘புரோக்கன்_சிஸ்டம்_கிளாக் = ட்ரூ’. பிறகு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ‘எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்’ பட்டியலில் அந்தக் கோப்பு உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போகாவிட்டால் ரூட்டைப் பொறுத்தவரை எழுதியது வீண். இந்தப் பெட்டியில் நான் இதைப் போடவில்லை. கடிகாரம் செத்ததை மறைக்கும் அமைப்பு அது.

ஐந்தரை மணி

பயாஸில் எந்த நேரம் வைப்பது? லினக்ஸ் மட்டும் உள்ள பெட்டியில் யுடிசி. கைக்கடிகாரம் காலை 9:00 என்றால் பயாஸில் 03:30. கடையில் யாராவது நல்லெண்ணத்தில் பயாஸ் நேரத்தைச் ‘சரி’ செய்தால், நெட் வரும்வரை டெபியன் 14:30 காட்டும். ‘டைம்டேட்சிடிஎல்’ தனியாகத் தட்டினால் உள்ளூர் நேரம், யுடிசி, ஆர்டிசி மூன்றும் அடுத்தடுத்து வரும். பின்னிரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘/ஈடிசி/அட்ஜ்டைம்’ கோப்பு இருந்தால் அதன் மூன்றாம் வரியிலும் ‘யுடிசி’ என்று இருக்க வேண்டும்.

இதே பெட்டியில் பழைய கணக்கு மென்பொருளுக்காக இரண்டாவது டிஸ்க்கில் விண்டோஸ் உண்டு. விண்டோஸ் மதர்போர்டில் உள்ளூர் நேரத்தை எழுதும், அடுத்த தரம் டெபியன் ஐந்தரை மணி முன்னால் ஓடும். ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ போட்டு டெபியனை விண்டோஸ் வழிக்குக் கொண்டுவரலாம் என்று பலரும் சொல்வார்கள். அப்படிச் செய்தால் சிஸ்டம்டி மதர்போர்டுக் கடிகாரத்தில் எழுதுவதையே நிறுத்திவிடும். வழக்கமாக நெட்டோடு ஒத்த பிறகு கர்னல் 11 நிமிஷத்துக்கு ஒரு தரம் அங்கே எழுதிவைக்கும் வசதி போய்விடும். விண்டோஸைத்தான் மாற்ற வேண்டும்: ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டைம்சோன்இன்ஃபர்மேஷன் வரை போய், ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்று ஒரு டிவேர்டு, மதிப்பு 1.

நேற்று என்ற தேதி

இந்த வேலையில் மோசமான கோளாறு 2012 அல்ல. நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் ‘சிஸ்டம்டி-டைம்சிங்க்டி’ கடைசியாகத் தெரிந்த நேரத்தை ‘/வார்/லிப்/சிஸ்டம்டி/டைம்சிங்க்/கிளாக்’ கோப்பின் தேதியாக வைத்துக்கொள்கிறது. பூட்டில் கடிகாரம் அதைவிடப் பின்னால் இருந்தால் அந்த நேரத்துக்குத் தள்ளிவிடும். எண்ணம் நல்லது, 2012 என்றால் பிரவுசர் எந்தச் சான்றிதழையும் ஏற்காது, மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’ ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்னும். ஆனால் கடையில் நெட் வருவது முதலாளியின் போன் ஹாட்ஸ்பாட்டில், அவர் வந்த பிறகு. அதுவரை பெட்டி நேற்று மாலை விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது, பில்லில் நேற்றைய தேதி. 2012 என்று அச்சானால் யார் கண்ணிலும் படும். நேற்று என்று அச்சானால் ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் நாள்வரை தெரியாது.

செல் சரியானதும் இது தானாகத் தீர்ந்தது. இருந்தாலும் பில் திறக்கும் ஐகானுக்குப் பின்னால் நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். நெட்டோடு நேரம் ஒத்ததும் டைம்சிங்க்டி உருவாக்கும் ‘/ரன்/சிஸ்டம்டி/டைம்சிங்க்/சிங்க்ரனைஸ்டு’ கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் தேதியைப் பெரிய எழுத்தில் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டுத்தான் பில்லைத் திறக்கும்.

சோதனை

ராத்திரி முழுவதும் பிளக் இல்லாமல் வைத்து, காலையில் நெட் இல்லாமலே பூட் செய்து, ‘ஹெச்டபிள்யூகிளாக் --ஷோ’ காட்டும் நேரத்தைப் போனோடு ஒப்பிட வேண்டும். நெட் வந்த பிறகு பார்த்தால் கர்னல் ஆர்டிசியைத் திருத்தியிருக்கும், ஒன்றும் தெரியாது. ஒரு விநாடிக்குள் வித்தியாசம் இருந்தது. சாதாரணக் கிரிஸ்டலில் 20 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு 20) பிசகு சகஜம், நாளுக்கு 1.7 விநாடி. சூடும் சேரும்: 25 டிகிரியிலிருந்து விலக விலக, வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு 0.034 பிபிஎம் வீதம் பிந்தும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் சுமார் 13.6 பிபிஎம், நாளுக்கு ஒரு விநாடிக்கு மேல். நாளுக்குப் பத்து விநாடி பிந்தினால் அது சூடு அல்ல, கிரிஸ்டல் காலில் ஈரம்.

அதே கடையின் கேமராப் பதிவுக்கு ஒரு ராஸ்பெரி பை 4 (ஒற்றைப் போர்டுச் சின்னக் கம்ப்யூட்டர்) இருக்கிறது. அதில் ஆர்டிசியே கிடையாது, பை 5-இல்தான் வந்தது. டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் ஒன்று போட்டேன், ஐ2சி (சிப்புகள் பேசும் இரு ஒயர் இணைப்பு) முகவரி 0x68 (நடுவில் உள்ளது பெருக்கல் குறி அல்ல, எக்ஸ் எழுத்து). ‘கான்ஃபிக்.டிஎக்ஸ்டி’ கோப்பில் ‘டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231’ என்று ஒரு வரி, பிறகு ‘ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக்’ பொதியை நீக்கம். ‘ஐ2சிடிடெக்ட் -ஒய் 1’ பட்டியலில் 68 இருந்த இடத்தில் ‘யுயு’ வந்தால் டிரைவர் ஏறிவிட்டது. கவனிக்க வேண்டியது அந்த மலிவு நீல மாட்யூலின் சார்ஜிங் சர்க்யூட்: ஒரு டயோடும் 200 ஓம் ரெசிஸ்டரும். அது ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032-க்கானது. சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால் செல் உப்பும், வெடிக்கவும் கூடும். அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டு, 3.3 வோல்ட் பின்னில் இணைப்பதுதான் சரி.

செலவு: செல் 50, ஹோல்டர் 15, ஆல்கஹால் 100 மில்லி 120, டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் 25, ஈயம் உறிஞ்சும் செம்புப் பின்னல் 60, ரெசிஸ்டர் 1 ரூபாய். 271. முதலில் வீணான செல்லைச் சேர்த்தால் 321. கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே ஏற்கெனவே கையில் இருந்தது. புதிதாக வாங்கினால் மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம். கழற்றிய செல்களை டேப் சுற்றித்தான் போட வேண்டும், கடைக்கு வரும் குழந்தை வாயில் போட்டால் ஆபத்து.

அடுத்த பெட்டியில் வரிசையை மாற்றுவேன். பழைய செல்லை எடுத்த கையோடு, புதியதைப் போடும்போதே ஒரு கிலோ ஓம் வைத்து அளந்துவிடுவேன். ஐந்து நிமிஷ வேலை. கழுவுவதும் டிஸ்டில்டு வாட்டரில்தான் தொடங்கும். இந்தப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் செல் போட்ட மாதம், 3.8 மைக்ரோ ஆம்பியர், பயாஸில் ஏஎச்சிஐ, நேரம் யுடிசி என்று எழுதி ஒட்டியிருக்கிறது. வடகிழக்கு மழை ஓய்ந்ததும் மறுபடி அளக்க வேண்டும். 10-ஐத் தாண்டியிருந்தால் கோட்டிங் ஹோல்டரின் கால் ஓரத்தில் விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தை மட்டும் மறுபடி கழுவிப் பூச வேண்டும்.